கிழக்குக் காற்று வந்தது, படகு வரவில்லை

ஆறு நாளாகக் கிழக்குக் காற்று அடிக்கவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஏழாம் நாள் அடித்தது. பறவைகள் வந்து கொட்டின, கூடவே மழையும் கொட்டியது, மறுநாள் எங்களை ஏற்றிப்போக வேண்டிய படகு வரவில்லை. இப்போது வீட்டில் சூடாக டீ குடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இடம் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் கழிமுகத்தின் வாசலில் இருக்கும் ஐல் ஆஃப் மே. ஆன்ஸ்ட்ரதரிலிருந்து படகு. தீவின் நீளம் இரண்டு கிலோமீட்டர்கூடக் கிடையாது. மற்றவர்கள் பஃபின் என்கிற கடற்பறவையைப் பார்க்கப் போவார்கள், நான் போனது வலசைப் பறவைகளுக்கு எண் பொறித்த கால்வளையம் போடக் கற்றுக்கொள்ள. 1934 முதல் அங்கே பறவை ஆய்வு நிலையம் இருக்கிறது, லோ லைட் என்கிற பழைய கலங்கரை விளக்கக் கட்டடத்தில்தான் தங்கல்.

இந்த ஆசை வந்ததே ஒரு தகைவிலான் குருவியால். 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வீட்டு முகப்பில் கூடு கட்டியிருந்ததைப் பிடித்து வளையம் போட்டார்கள், 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கிடைத்தது. அதைப் படித்த இரவே பயிற்சியாளர்களைத் தேடத் தொடங்கிவிட்டேன். இங்கே பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையான பி.டி.ஓ. அமைப்பிடம் பயிற்சி உரிமம் வாங்காமல் ஒரு குருவியைத் தொட முடியாது. உரிமம் கேட்கும் முன்னால், உங்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு பயிற்சியாளர் சம்மதிக்கவேண்டும். படிவம் நிரப்ப அரை மணி நேரம் போதும். அந்த ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

முதலில் எழுதியவர் ‘வசந்தம் வரட்டும், பார்க்கலாம்’ என்றார். வசந்தம் வந்தது, மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதிலே இல்லை. இரண்டாமவர் போனில் கேட்டது ஒரே கேள்வி: ‘விடிகாலை மூன்று மணிக்கு எழுந்திருப்பீர்களா?’ எழுந்திருப்பேன் என்றேன். ‘எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்று வைத்துவிட்டார். ஒருவரிடம் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், ஒரே நேரத்தில் நாலு பேரைக் கேளுங்கள். அவர்கள் யாரும் இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை, வளையங்களைக்கூடத் தங்கள் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தவர் எழுபதை நெருங்கும் மனிதர், பேச்சு குறைவு. அவரோடான முதல் நாளே வீண். ஐம்பது கிலோமீட்டர் காரோட்டி நாலரை மணிக்கு நாணல்காட்டு வாசலில் நிற்கிறேன், ஒரு ஈ காக்கை இல்லை. போனை எடுத்துப் பார்த்தால் 3.10-க்கே குறுஞ்செய்தி: ‘காற்று, வேண்டாம்.’ போன் சைலண்டில் இருந்திருக்கிறது. காற்றடித்தால் மிஸ்ட் நெட் என்கிற மெல்லிய பறவை வலை பாய்மரம் மாதிரி உப்பிவிடும், பறவைக்குக் கண்ணில் பட்டுவிடும், தப்பித் தவறி விழுந்தாலும் துள்ளி வெளியே போய்விடும். இப்போதெல்லாம் வீட்டு ஜன்னல் வழியே பக்கத்துவீட்டு மரம் ஆடுகிறதா என்று பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை.

இரண்டாம் நாள் வலையில் முதலில் மாட்டியது நான்தான். அம்மா போட்டுவிட்ட ஒரு மெல்லிய தங்க வளையல் என் கையில் கிடக்கிறது, சோப்பு போட்டாலும் கழலாது. வளையம் போடப் போனவளின் வளையல் வலையில் சிக்கிக்கொண்டது, அதை விடுவிக்கப் போனால் ஜாக்கெட் பொத்தான் இன்னொரு பக்கம். அவர் சிரிக்கவில்லை, பையிலிருந்து எலக்ட்ரீஷியன் டேப்பை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து வளையலுக்கு மேல் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பொத்தான், ஜிப், வெல்க்ரோ வைத்த சட்டை எதுவும் வலை பக்கம் ஆகாது.

ப்ளூ டிட் குருவி அழகு என்று சொல்பவர்கள் அதைக் கையில் பிடித்ததில்லை. நகக்கண்ணைத் தேடித் தேடிக் கொத்தும். அப்படிக் கொத்திக்கொண்டிருந்த ஒன்றுக்குத்தான் நான் போட்ட முதல் வளையம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் உடம்பு, காலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இடுக்கியில் வளையத்தை வைத்து ஒரு அமுக்கு, பிறகு வளையத்தைக் கால்வாசி திருப்பி இன்னொரு அமுக்கு. இரண்டு முனையும் நூல்கூட நுழையாதபடி சேரவேண்டும். நான் பயத்தில் கோணலாக அமுக்கினேன், ஒரு முனை மற்றொன்றின் மேல் ஏறிவிட்டது. அப்படியே விட்டால் காலை அறுத்துவிடும். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பறவையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, மெல்லிய இடுக்கியால் வளையத்தை விரித்துக் கழற்றினார், முப்பது விநாடி இருக்கும், எனக்கு வியர்த்துவிட்டது. வேறு வளையம் போட்டு அவரே பறக்கவிட்டார். கெட்டுப்போன வளையத்துக்கும் கணக்கு உண்டு, பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று என் கையால் எழுதவைத்தார்.

சரி, தீவுக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசி வாரம், சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை திரும்புவது என்று ஏற்பாடு. என்னையும் பயிற்சியாளரையும் சேர்த்து நாலு பேர். பெட்டி, சாப்பாடு எல்லாம் முதுகில். தீவில் பாதையை விட்டு ஒரு அடி நகரக்கூடாது, மண்ணுக்குள் முழுக்கப் பஃபின் வளைகள், மிதித்தால் இடிந்துவிடும்.

போய் இறங்கிய நாளிலிருந்து வெயில். மேற்குக் காற்று, மேகமில்லாத வானம். பகல் படகில் வந்த சுற்றுலாப் பயணிகள் ‘என்ன அருமையான வானிலை’ என்று எங்களிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். வானம் தெளிவாக இருந்தால் வலசைப் பறவை எதற்குத் தரையிறங்கப்போகிறது? அது பாட்டுக்கு மேலேயே போய்விடும். புதன்கிழமை முழுக்க எங்கள் கணக்கு இரண்டே பறவை, ஒரு ரென், ஒரு ப்ளாக்பேர்ட், இரண்டுமே ஏற்கெனவே வளையம் போட்ட உள்ளூர்க்காரர்கள்.

இங்கே ஏன் கிழக்குக் காற்று வேண்டும் என்பதைக் கண்டு சொன்னவர்கள் இரண்டு பெண்கள், ஈவ்லின் பாக்ஸ்டரும் லியோனோரா ரிண்டூலும். 1907-இல் தொடங்கி வருஷக்கணக்காக இதே தீவுக்கு வந்து தங்கிப் பார்த்தவர்கள். நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் போகிற பறவை ஸ்காட்லாந்தில் இறங்குவது அதன் வழக்கமான பாதை என்பதால் அல்ல, காற்று கடலுக்கு மேலே அதை இந்தப் பக்கம் தள்ளிவிடுவதால்தான் என்று 1918-இலேயே எழுதினார்கள். காற்றோடு மழையோ மூடுபனியோ சேர்ந்தால் களைத்துப்போனது கண்ணில் பட்ட முதல் நிலத்தில் இறங்கும். நீளப் பாவாடை கட்டிக்கொண்டு இந்த வழுக்குப் பாறையில் அவர்கள் எப்படி நடந்தார்கள் என்று நான் நாலைந்து முறையாவது யோசித்தேன்.

வியாழன் இரவு காற்று திரும்பியது. வெள்ளி விடிந்தபோது அடைமழை. கதவைத் திறக்கிறேன், வாசல்படியில் ஒரு ராபின். பாறை இடுக்கில் ராபின், கடற்பாசிக் குவியலில் ராபின், துணி காயப்போடும் கயிற்றில் வால் நடுங்க ஒரு ரெட்ஸ்டார்ட், சுவர் ஓரமாக ரிங் ஊஸல் என்கிற வெள்ளைப் பிறை மார்புக் கருங்குருவி, நனைந்த பஞ்சு மாதிரி சின்னச் சின்னக் கதிர்க்குருவிகள். மரமே இல்லாத தீவு, ஒளிய இடமில்லாமல் எல்லாம் காலடியில் நடக்கின்றன. இதற்காகத்தானே எட்டு மாதம்! வலைகளை எடுக்க ஓடினேன்.

‘மழையில் கிடையாது’ என்றார் அவர். தூறலாக இருக்கிறதே என்றேன். ‘நனைந்ததைப் பிடித்துப் பையில் போட்டால் குளிர்ந்துவிடும். இரவெல்லாம் கடல் தாண்டி வந்திருக்கிறது, அது தின்னட்டும்.’ அவர் சொன்னது நியாயம்தான், எனக்கு அழுகை வந்ததும் நிஜம்தான். காலை ஐந்து மணியிலிருந்து மாலை ஆறு வரை பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம், கையில் ஒன்றுகூட இல்லை.

ஆறு மணிக்கு மேல் மழை விட்டது. இறகு காயட்டும் என்று இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னார். அப்புறம் ஹெலிகோலாண்ட் பொறிக்குப் போனோம். ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் தீவில் உருவானதால் அந்தப் பெயர். கம்பிவலையால் கட்டிய பெரிய புனல், வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகி ஒரு பெட்டியில் முடியும், நடுவில் செடி வைத்திருப்பார்கள். தீவில் வேறு புதர் அதிகம் இல்லாததால் பறவை தானாக உள்ளே ஒதுங்கும். பின்னால் மெதுவாக நடந்து ஓட்டவேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியில் மூன்று ராபின். மூன்றாவதைக் கையில் எடுத்தால் காலில் ஏற்கெனவே வளையம். ரிட்ராப், அதாவது இங்கேயே முன்பு வளையம் போட்டு மறுபடி மாட்டியது என்று நினைத்து எண்ணைப் படிக்கப் போனேன். வழக்கமான எழுத்து இல்லை. தலைவிளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஸ்டாவங்கர் மியூசியம், நார்வே. அவ்வளவு பேச்சுக் குறைந்த மனிதர் ‘ஆ’ என்று சத்தமாகச் சொன்னார். என்னை எண்ணைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார், பிறகு தான் எழுதியதைக் காட்டாமல் இன்னொருவரைப் படிக்கச் சொன்னார். நான் 3 என்றது 8. வெளிநாட்டு வளையத்தில் ஒரு எண் மாறினால் மொத்தமும் வீண், வேறு ஏதோ பறவையின் கதைதான் வந்து சேரும். தெரிந்த எண் என்று நினைக்காமல் இரண்டு பேர் படியுங்கள், காலைச் சுற்றி மூன்று கோணத்தில் படமும் எடுங்கள்.

வயது என்ன என்று கேட்டார். சிறகை விரித்துப் பார்த்தேன். சிறகின் மேற்புறத்தை மூடும் இறகு வரிசையில் உள்பக்கத்து இறகுகள் புதுசு, வெளியே இருந்த நாலைந்து மட்டும் வெளிறி, நுனியில் மஞ்சள் பொட்டோடு பழசு. ‘5’ என்றேன், அதாவது போன வருஷம் பொரித்தது. அவர் தலையாட்டினாரா குளிரில் நடுங்கினாரா தெரியவில்லை. மார்புப் பள்ளத்து இறகை வாயால் ஊதி விலக்கினால் கொழுப்பு துளிகூட இல்லை. பிளாஸ்டிக் குழாயில் தலைகீழாக இறக்கி எடை போட்டுவிட்டு உடனே விட்டோம்.

மறுநாள் படகு ரத்து. இறங்குதுறையான கர்க்ஹேவன் தீவின் கிழக்குப் பக்கம், எனக்குப் பறவை கொண்டுவந்த அதே காற்று அலையையும் நேராக அதற்குள்தான் தள்ளுகிறது. வீட்டுக்குப் போன் போட்டேன். “அப்போ திங்கட்கிழமை புள்ளைய யாரு ஸ்கூல்ல விடுறது?” என்றார் வீட்டுக்காரர். ‘நீங்கதான்’ என்றேன். “உன் குருவிய வந்து விடச்சொல்லு.” மேலாளருக்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில் காரணம் ‘தீவில் சிக்கிக்கொண்டேன்’. அவர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்புப் படம் அனுப்பினார். அரிசி சனிக்கிழமை இரவோடு தீர்ந்தது, ஞாயிறு முழுக்க ஓட்ஸ் கஞ்சியும் ஒருவர் கொடுத்த மீன் டப்பாவும். மூன்று நாள் சாப்பாடு கூடுதலாகக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள், நான்தான் சுமைக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆனால் அந்த இரண்டு நாளில்தான் உருப்படியாகக் கற்றேன். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் கதிர்க்குருவிகளான வில்லோ வார்ப்ளரும் சிஃப்சாஃபும் கிளையில் இருந்தால் பாட்டை வைத்துச் சொல்லிவிடலாம், கையில் வாய் திறக்காது. கால் கறுப்பா வெளிறலா என்று பார்ப்பது பாதி நேரம் ஏமாற்றும். சிறகை மெல்ல விரித்து, வெளியிலிருந்து ஆறாவது முதன்மை இறகைப் பார்க்கவேண்டும். வெளி ஓரம் சட்டென்று ஒடுங்கினால் சிஃப்சாஃப், ஒடுங்காமல் சீராகப் போனால் வில்லோ. ஒன்பது கிராம் உயிர் விரலிடுக்கில் துடிக்க, கீறல் அளவு வளைவை விடிகாலைக் குளிரில் தேடுவது இருக்கிறதே! முதல் நாலில் இரண்டைத் தப்பாகச் சொன்னேன். அடுத்த ஏழும் சரி. அந்த ஏழுக்கும் வளையம் நான்தான் போட்டேன், ஒரு முனைகூட ஏறவில்லை.

திங்கள் மதியம் படகு வந்தது. கடலில் வாந்தி எடுத்ததை விவரிக்கத் தேவையில்லை.

தனியாக வளையமிடும் அடுத்த உரிமத்துக்கு இன்னும் நூற்றுக்கணக்கில் பறவைகள் என் கை வழியாகப் போகவேண்டும், எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நேற்று பயிற்சியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல், வழக்கம்போல ஒரு வரி, கீழே நார்வேயிலிருந்து வந்த பதில். எங்கள் ராபினுக்குப் போன செப்டம்பரில் நார்வேயின் தென்கரையில் வளையம் போட்டிருக்கிறார்கள். அப்போது அது அந்த வருஷம் பொரித்த குஞ்சு. அவர் எழுதியிருந்த வரி: ‘5 சரி.’