பழைய 15 குதிரைவலு எஞ்சின்: சிடிஐ வாங்கமுன் வயர் பார்த்த குறிப்பு

படகின் பின்னால் மாட்டும் எஞ்சின் இது: இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிற்று ஸ்டார்ட். பற்றரி இல்லை. இரண்டு பிளக்குக்கும் ஸ்பார்க் கொடுப்பது ஒரே கொயில். குறை இதுதான்: காலையில் முதல் இழுவையிலேயே பிடிக்கிறது, மெல்ல ஓடினால் சுகமாக ஓடுகிறது, திரொட்டிலை அரைவாசிக்கு மேல் திருகினால் இருமி நின்றுவிடுகிறது. கொட்டியாரக்குடாவில் கடல் சும்மா கிடக்கிற நாளில் இது தொல்லை மட்டும்தான். வாடைக்காற்று தொடங்கிய பிறகு இப்படி நின்றால் ஆபத்து.

திருகோணமலைக் கரையில் இந்தக் குறையைச் சொன்னால் வரும் முதல் பதில், "சிடிஐ போயிட்டுது." சிடிஐ என்பது நேரம் பார்த்து ஸ்பார்க்கை அடிக்கவைக்கும் மின்பெட்டி; மின்பகுதியிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்று அது. மின் சாமானைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் பெரும்பாலும் முடியாது. அதோடு சிடிஐ பழுதா இல்லையா என்பதைச் சாதாரண மீற்றரால் நேரே சொல்ல முடியாது. மற்ற எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் அதைக் குற்றஞ்சாட்டலாம்.

வயரைத் தொடமுன் கொம்பிரஷன், அதாவது சிலிண்டர் அமுக்கம். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த்தில் (எஞ்சின் உடலில்) கொடுத்து, பிளக் துளையில் அமுக்க மீற்றரை மாட்டி, திரொட்டிலை முழுக்கத் திறந்து, ஊசி இனி ஏறாது என்று நிற்கும் வரைக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். வந்தது 112, 108 பிஎஸ்ஐ. நல்லது. ஒன்று 110, மற்றது 70 என்று வந்திருந்தால் வயர் வேலையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ரிங்கும் பிஸ்டனும் போன எஞ்சினுக்கு வயர் மாற்றுவது வீண் செலவு.

அடுத்தது ஸ்பார்க். பிளக்கை வெளியே எர்த்தில் வைத்து இழுத்துப் பார்ப்பது போதாது. வெளிக்காற்றில் தாண்டுகிற ஸ்பார்க், சிலிண்டர் அமுக்கத்துக்குள் தாண்டாமல் விடலாம். 8 மில்லிமீற்றர் இடைவெளி வைத்த ரெஸ்ரர் வேண்டும். இரட்டை வால் கொயில் என்பதால் இரண்டு வயருக்கும் வழி கொடுக்க வேண்டும். ஒன்றை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் கொயிலும் சிடிஐயும் அடிவாங்கும். பெற்றோல் தாங்கியைத் தூர வைத்துவிட்டுச் செய்யுங்கள். இங்கே நீல ஸ்பார்க் நன்றாகத் தாண்டியது, ஆனால் இடையிடையே ஒன்று விடுபட்டது.

பிறகு நிறுத்தல் வயர். யமஹா நிற ஒழுங்கில் வெள்ளை நிறுத்தல், கறுப்பு எர்த். வெள்ளை எர்த்தில் தொட்டால் ஸ்பார்க் சாகும். எஞ்சினை நிறுத்தும், சிவப்புக் கயிறு மாட்டும் சுவிச்சுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கினால், அது அரைகுறையாக எர்த்தாகிச் சிடிஐ பழுதானது போலவே நாடகம் காட்டும். வெள்ளையைக் கழற்றி இழுக்க ஸ்பார்க் திரும்பினால் குறை சுவிச்சில். கழற்றின நிலையில் எஞ்சின் பிடித்துவிட்டால் சோக்கை இழுத்துத்தான் நிறுத்தலாம்; அப்படியே கடலுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். இந்த எஞ்சினில் சுவிச் சுத்தம்.

எர்த் அப்படியில்லை. கொயில் போல்ற்றுக்குக் கீழே அலுமினியம் வெள்ளை மாவாய்ப் பூத்திருந்தது. மினுங்கும் வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசியாயிற்று. அங்கிருந்து போகும் கறுப்பு வயர் யாரோ முன்பு போட்ட கார் வயர். உறையைக் கீறினால் செம்பு கரி நிறம். வெள்ளீயம் பூசாத வயருக்குள் உப்பு ஈரம் திரி எண்ணெய் குடிப்பதுபோல் ஏறும். முனையிலிருந்து 7 சென்ரிமீற்றர் வெட்டிய பிறகுதான் செம்பு நிறம் தெரிந்தது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, அமிலம் போட்டு ஒட்டவைத்தாலும் நிலைக்காது. முழுதாக மாற்றுவதே சரி. இத்தனை செய்தும் ஸ்பார்க் விடுபடுவது நிற்கவில்லை.

இனி காந்தம் பதித்த பிளைவீலுக்குக் கீழே உள்ள இரண்டு கொயில்கள்: சிடிஐக்கு மின் கொடுக்கும் சார்ஜ் கொயிலும், ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைச் சொல்லும் பல்சர் கொயிலும். சிடிஐயிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கைநூலில் உள்ள ஓம் அளவு 20 பாகையில் எடுத்தது. 32 பாகை வெயிலில் செம்பின் தடை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். அந்தளவு கூடக் காட்டினால் கொயிலைக் குறை சொல்லக்கூடாது. இரண்டும் சரியாகவே காட்டின.

குறை பிடிபட்டது அதற்குப் பிறகு. இந்த வகைப் பழைய எஞ்சின்களில் திரொட்டிலைத் திருகும்போது இந்தக் கொயில்கள் பூட்டிய தட்டும் சேர்ந்து சுழலும்; ரைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) முன்னுக்குப் போவது அப்படித்தான். ஒவ்வொரு திருகலுக்கும் தட்டிலிருந்து வரும் வயர் ஒரே இடத்தில் மடிகிறது. மீற்றரைப் பல்சர் வயரில் மாட்டிவிட்டு, எஞ்சினை ஓட்டாமல், திரொட்டிலை மெல்லத் திருக, அரைவாசி தாண்டியதும் இலக்கம் மறைந்தது. திரும்ப விட்டால் வந்தது. அசையாமல் அளந்து "கொயில் சரி" என்று முடிவெடுத்திருந்தால் சிடிஐதான் மாறியிருக்கும்.

பிளைவீலைப் புல்லர் போட்டே கழற்றுங்கள். சுத்தியல் பட்டால் காந்தம் கழன்றுவிடலாம். கழற்றினதோடு, பிளைவீலைத் தண்டில் பூட்டும் கீ வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று, இல்லை. கிளிப்புக்கு அருகே வயரின் உறையில் ஒரு கீறலும் இல்லை, ஆனால் இரு விரலால் பிடித்து இழுக்க அந்த இடம் மட்டும் றப்பர்போல் நீண்டு மெலிந்தது. உள்ளே செம்பு அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கின்றன.

மெல்லிய இழை அதிகமுள்ள, வெள்ளீயம் பூசிய 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, ஈயம் வைத்த ஒட்டு மடியும் இடத்தில் வராமல் தட்டின் மேலேயே வைத்தாயிற்று. ஈயம் ஏறிய இடம் விறைக்கும். அதை மடியவிட்டால் அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு, முழுத் திரொட்டிலிலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்டியாயிற்று.

புரொப்பெல்லரைக் கழற்றி, பீப்பாத் தண்ணீரில் 20 நிமிடம் ஓட்டம். ஸ்பார்க் விடுபடவில்லை. சூட்டோடு கொயில்களை மறுபடி அளந்தபோதும் இலக்கம் மறையவில்லை. பீப்பாவில் பாரம் ஏற்ற முடியாது என்பதால், உட்துறைமுகத்துக்குள் ஆளேற்றி முழுத் திரொட்டிலில் ஓட்டிப் பார்ப்பது பாக்கி. லைற் கொயிலின் பச்சை வயர்கள் இரண்டும் இப்போதைக்கு ரேப் சுற்றிக் கிடக்கின்றன; ரெகுலேற்றர் இல்லாமல் எல்ஈடி பல்பை நேரே கொடுத்தால் வேகம் ஏற வோல்ற்றும் ஏறி பல்ப் எரிந்துவிடும்.