மாப்பிள்ளை தேடிப் போன கப்பலும் அடிமைக் கப்பலும்

1695-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடையேறிய ‘ஒரூனோக்கோ’ நாடகத்தை இரண்டு நாளாகப் படிக்கிறேன். மனசு அதைவிட்டு நகர மறுக்கிறது.

தொடக்கத்தில் இரண்டு சகோதரிகள். ஊரில் வரன் அமையாமல் கப்பலேறி தென் அமெரிக்காவிலுள்ள சூரினாம் வந்திருக்கிறார்கள். லண்டனில் பெண்கள் பட்டுத்துணி மாதிரி, நைந்து போவதற்கு வெகுநாள் முன்பே மவுசு போய்விடுகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்த காட்சியில் அதே ஊருக்கு அடிமைக் கப்பல் வந்திருக்கிறது. குலுக்கல் போட்டு ஆட்களைப் பங்கு பிரிக்கிறார்கள். என் பங்குக்கு ஆறு பேர், எல்லாம் பெண்களும் குழந்தைகளும், ஓர் ஆண்கூட இல்லையே என்று பணக்கார விதவை ஒருத்தி கப்பல் தலைவனிடம் சண்டைக்கு நிற்கிறாள். கூட்டம் சிரிப்பதற்காக எழுதிய இடம் அது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஆறு பேருக்கும் பெயர்கூட இல்லை.

அப்புறம் இமோயிண்டா. அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க இளவரசனான நாயகன் ஒரூனோக்கோவின் மனைவி. 1688-இல் அஃப்ரா பென் எழுதிய மூலக்கதையில் அவள் கறுப்பினப் பெண். அதை நாடகமாக்கிய தாமஸ் சதர்ன் அவளை வெள்ளைக்காரியாக மாற்றிவிட்டார். வயிற்றில் பிள்ளையோடு அடிமையாக நிற்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளையும் அடிமைதானே என்ற எண்ணம்தான் ஒரூனோக்கோவைக் கலகத்துக்குத் தள்ளுகிறது. நாடகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்தத் தவிப்பை ஒரு கறுப்பினத் தாயிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1759-இல் ஜான் ஹாக்ஸ்வொர்த் இந்த நாடகத்தைத் திருத்தினார். நகைச்சுவைக் காட்சிகள் போயின, சகோதரிகளும் போனார்கள். இமோயிண்டா வெள்ளைக்காரியாகவே இருந்தாள்.