மின்தாளுக்கு வந்த நிறம்

நண்பர் ஒருவரின் வண்ண மின்வாசிப்பானை (மின்னூல் படிக்கும் கருவி) ஒரு வாரம் இரவல் வாங்கி, என்னுடைய பழைய கருப்பு வெள்ளைக் கருவியின் பக்கத்தில் வைத்து, ஒரே நாவலை இரண்டிலும் மாற்றி மாற்றிப் படித்தேன். பகல் வெளிச்சத்தில் மொட்டைமாடியில் அமர்ந்து பார்த்தபோது நூலின் அட்டைப்படம் அழகாகவே தெரிந்தது. இரவில், மங்கிய விளக்கொளியில், அதே அட்டை பலமுறை துவைத்து வெளுத்த சட்டையைப் போல இருந்தது. அதைவிட, எழுத்துக்குப் பின்னாலுள்ள தாளே சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரிந்ததால், உள்விளக்கின் ஒளியைக் கூட்டிக்கொள்ளாமல் படிக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இது அந்தக் கருவியின் குறை அல்ல, நுட்பத்தின் இயல்பு. இன்று பெரும்பாலான வண்ண மின்வாசிப்பான்களில் இருக்கும் கலைடோ திரை, கருப்பு வெள்ளை மின்தாளின் (தானே ஒளிராமல், காகிதத்தைப் போலத் தன்மேல் விழும் ஒளியை எதிரொளிக்கும் திரை) மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைப் படியவைத்தது. அறையின் ஒளி வடிகட்டியைக் கடந்து உள்ளே போய், எதிரொளித்து, மறுபடியும் அதைக் கடந்தே கண்ணுக்கு வரவேண்டும்; இருமுறையும் ஒளி குறைகிறது. கலைடோ 3 திரையில் கருப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் வருகிறது, நிறமோ 150 புள்ளிகளில்தான் வருகிறது. காட்டக்கூடிய நிறங்கள் 4,096.

வடிகட்டியே இல்லாத வழியும் உண்டு. 2022இல் அறிமுகமான கேலரி 3 திரை, நான்கு வகை நிறமித் துகள்களை மின்னழுத்தத்தால் மேலும் கீழும் நகர்த்தி நிறத்தை உண்டாக்குகிறது. நிறம் செறிவாக இருந்தாலும், மிகச் சிறந்த தரத்தில் ஒரு பக்கம் மாற ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது. குறிப்பேடாகப் பயன்படும் ரீமார்க்கபிள் பேப்பர் புரோ இந்த வழியில் வந்ததுதான். நிதானமாக எழுதுகிறவருக்கு அது பொருந்தலாம். பக்கங்களை வேகமாகப் புரட்டுகிறவருக்குப் பொருந்தாது.

முன்பு தோற்றவற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2009இல் ஜப்பானில் வந்த ஃபுஜிட்சுவின் ஃபிளெப்பியா மின்வாசிப்பான், முழு நிறத்தில் ஒரு பக்கத்தை வரைய எட்டு நொடி எடுத்துக்கொண்டது. வண்ணத்துப்பூச்சிச் சிறகில் நிறம் தோன்றுவதைப் போல ஒளியலைகளின் குறுக்கீட்டால் நிறம் காட்டிய குவால்காமின் மிராசால் திரை, 2011இல் தென்கொரியாவின் கியோபோ மின்வாசிப்பானில் இடம்பெற்றது. வெயிலில் தெரியும், காணொளியும் ஓடும் என்றெல்லாம் சொல்லப்பட்ட அந்தத் திரையைத் தானே பெருமளவில் உற்பத்தி செய்யும் திட்டத்தை அடுத்த ஆண்டே குவால்காம் விட்டுவிட்டது. பிலிப்ஸிலிருந்து பிரிந்த வண்ணத் திரை நிறுவனமான லிக்வாவிஸ்டா, சாம்சங் கைக்குப் போய், 2013இல் அமேசானிடம் சேர்ந்தும், அதன் திரை கடைக்கு வராமலேயே மூடப்பட்டது. இவற்றில் சில, இன்றைய திரைகளைவிடத் துணிச்சலான யோசனைகள் என்றே நினைக்கிறேன். ஆனால் 2010 ஏப்ரலில் ஐபேட் வந்த பிறகு, நிறம் என்றாலே பளபளக்கும் கண்ணாடித் திரைதான் என்று மக்களின் கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணுக்கு எதிரொளித் திரையின் நிறம் சோகையாகவே தெரிந்திருக்கும்.

எனவே டேப்லெட்டின் இடத்தை வண்ண மின்தாள் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. காணொளி, விளையாட்டு, புகைப்படம் ஆகியவற்றுக்காக டேப்லெட் வாங்குகிறவர், பக்கம் மாறும்போது திரை ஒருமுறை இமைப்பதைப் பொறுத்துக்கொள்ளமாட்டார். மின்வாசிப்பானின் கதை வேறு. 2024 ஏப்ரலில் கோபோவின் இரு வண்ணக் கருவிகளும் அக்டோபரில் கிண்டில் கலர்சாஃப்டும் வந்தபோது, அவற்றின் நிறம் டேப்லெட்டுடன் போட்டியிடவில்லை. அட்டைப்படம், படக்கதை, வரைபடம், பல நிறத்தில் அடிக்கோடு என்ற அளவில் நின்றுகொண்டது. பாடநூலில் இதய வரைபடத்தின் சிவப்பையும் நீலத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டிய மாணவருக்கு 4,096 நிறங்களே அதிகம்.

நாவல் படிக்கும் என்னைப் போன்றவருக்கோ, தாளின் வெண்மையை விட்டுக்கொடுத்துப் பெறுகிற நிறம் இன்னும் லாபமான பேரமாகத் தோன்றவில்லை. நண்பரின் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உள்விளக்கை அணைத்துவிட்டு, என் பழைய கருவிக்குப் பக்கத்தில் வைத்தாலும் தாள் அதே அளவு வெளுப்பாகத் தெரியும் வண்ணத் திரை கடைக்கு வரும் நாளில்தான் பணத்தை எடுப்பேன்.