“ஒரு டோலோ போட்டுட்டு வந்துரும்மா”

காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் என் போன் அடித்தால், யார் என்று பார்க்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். ஏழு மணி டூட்டிக்கு வர வேண்டிய யாரோ ஒரு நர்ஸ் பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை. எடுத்ததும் வரும் முதல் சொல் “சாரி சிஸ்டர்.” காய்ச்சல் வந்ததற்கு எதற்கு மன்னிப்பு? ஆனால் பதினாறு வருடம் முன்பு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், நானும் அப்படித்தான் பேச ஆரம்பித்தேன்.

அன்று எனக்கு 102 டிகிரி. நைட் டூட்டி. 28 படுக்கை உள்ள மெடிக்கல் வார்டு, இரவுக்கு இரண்டே நர்ஸ். இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார்: “மாத்தி விட ஆள் இல்லம்மா. ஒரு டோலோ போட்டுட்டு வந்துரு.” அவர் மோசமான மனுஷி இல்லை. காலையில் வந்தவர், இருட்டிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் டூட்டி சார்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போகாவிட்டால் என்னுடன் இருப்பவள் விடியும்வரை தனி ஆளாக 28 பேரைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் லீவு போட்டால் ஒரு நாளைக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். அதே நாளில் போன் செய்வதும் ‘சொல்லாமல்’ கணக்கில்தான் சேரும். மாதம் 5,500 ரூபாய் வாங்கிய எனக்கு இரண்டு நாள் பணம் என்பது ஊருக்கு அனுப்புவதில் விழும் துண்டு.

மாத்திரை காய்ச்சலை இறக்குமே தவிரக் கிருமியை விரட்டாது. இது படித்த பாடம்தான். மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அம்மா பதினோராம் படுக்கையில் இருந்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது, “என்ன தாயி, உன் கை இப்படிக் கொதிக்குது?” என்றார். மாத்திரையின் வேகம் அப்போதே இறங்கியிருந்தது. மூன்று நாளில் அவருக்கும் காய்ச்சல், இருமல். ஐசியூவுக்கு மாற்றினார்கள். பிழைத்து வந்துவிட்டார், ஆனால் ஒன்பது நாள் அங்கே கிடந்தார். என்னிடமிருந்துதான் தொற்றியதா, பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமிருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவு நான் அந்தக் கையைப் பிடித்திருக்கக் கூடாது. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

விடுதிக் கதை தனி. ஒரு அறையில் ஆறு பேர். லீவு போட்டுவிட்டுப் படுத்தால், எழுந்து டீ குடிக்கப் போவதைக்கூட வார்டன் பார்த்து மேட்ரனிடம் சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும்வரை அவள் தனியாக இருக்க வேண்டும். அதற்கு அறை இல்லை. “ஊருக்குப் போயிட்டு வா” என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை நிற்க இடமில்லாத பஸ்ஸில் அவள் போனாள். தொற்று பரவாமல் தடுப்பது எப்படி என்று ஊருக்கே சொல்லித்தரும் ஒரு இடம் செய்கிற காரியமா அது?

இப்போது வேறு மருத்துவமனையில் நான் இன்சார்ஜ். போனுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க மெட்ராஸ் ஐ பரவியபோது, ஒரே வாரத்தில் என் வார்டில் நான்கு பேருக்குக் கண் சிவந்தது. நான்காவது ஆள் கூப்பிட்டபோது, “கண்ணாடி போட்டுக்கிட்டு வர முடியுமான்னு பாரேன்” என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. மெட்ராஸ் ஐ கண்ணாடியில் நிற்காது, கைவழியாகப் பரவும். எனக்கா தெரியாது? பதறிப்போய் மறுபடி கூப்பிட்டு வர வேண்டாம் என்றேன். என்னையும் அப்படிப் பேச வைத்தது கையில் இருந்த சார்ட்தான். அதில் ஒரு ஆள்கூட உபரி இல்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலில், வார்டுக்குத் தேவையான நர்ஸ்களுக்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கும் விடுப்பும் வேலை நேரமும் அரசு நர்ஸ்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்றது. அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. நான் பார்த்த தனியார் இடங்களில், அந்தக் கூடுதல் ஆளைத்தான் முதலில் செலவு என்று வெட்டுகிறார்கள். அப்புறம் ஒருத்தி படுத்தாலும் இன்னொருத்திக்கு டபுள் டூட்டி. நாலு நாளில் அவளும் படுப்பாள்.

“ஈஎஸ்ஐ இருக்கே” என்பார்கள். அந்தத் தொழிலாளர் காப்பீடு இருக்கிறது, பெரிய நோய்க்குக் கைகொடுக்கும். வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. எங்களுக்கு வருவதோ பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான். மற்றவருக்குத் தொற்ற வைப்பதும் அந்த நாட்கள்தான். அந்த இரண்டு நாளையும் மருத்துவமனை தன் கணக்கில் ஏற்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை ஒத்துக்கொண்டார்கள். இரட்டைப் பிடித்தமும் போனது. கூடவே, பகல் ஷிஃப்டுக்கு இரண்டு வார்டுக்குப் பொதுவாக ஒரு உபரி நர்ஸ். கேட்டது நான்கு பேர். இரவுக்கு இன்னும் யாரும் இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் ஐந்தே முக்காலுக்கு ஒரு புதுப் பிள்ளை கூப்பிட்டாள். இரவெல்லாம் வாந்தி, பேதி. “நின்னு ரெண்டு நாள் ஆகாம வார்டுப் பக்கம் வராதே. ஓஆர்எஸ் இருக்கா? கூட யாரும்மா இருக்கா?” என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு மெதுவாக, “டபுள் கட் ஆகுமா சிஸ்டர்?” என்றாள். பழைய இடத்தில் அப்படித்தானாம்.

ஆகாது என்றேன். சரி சிஸ்டர் என்று வைத்தாள். உபரி நர்ஸைக் கூப்பிட நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அவளே அடித்தாள். “நிஜமாவே ஆகாதா சிஸ்டர்?”