அப்பா திருத்திய படம்

மாமல்லபுரம் என்றால் எல்லோருக்கும் கல் கோயில். எனக்கு, ஒத்தவாடைத் தெரு முடிகிற இடத்தில் மணலில் வரிசையாகக் கிடக்கும் படகுகள். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே எங்கள் குப்பம். 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் பெயர் ஏறியபின் வெளிநாட்டுக்காரர்கள் வரத்து கூடியது என்று அப்பா சொல்வார். நான் பார்க்கும்போதே எங்கள் தெருவில் மாடிக்கு மாடி கீற்றுக் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

அப்படி ஒரு கொட்டகையில் தங்கியிருந்தார் அந்த ஓவியர். நான் அப்போது ஆறாம் வகுப்பு. தினமும் விடியலில் வந்து மணலில் உட்கார்ந்து அப்பாவின் கட்டுமரத்தை வரைவார். ஒருநாள் அப்பா வலையை உதறிப் போட்டுவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றார். “நல்லா இருக்கு சார். ஆனா இது கட்டுமரம் இல்ல, ஓடம்” என்றார். அவர் ஒரே மரத்தில் குடைந்தது மாதிரி வரைந்திருந்தார்.

அப்பா வாயால் விளக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார். ஈரக் கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மணலில் உருண்டன. கடலுக்குப் போய் வந்தால் கட்டைகளைப் பிரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். அப்புறம் மறுபடி சேர்த்து, காலால் உதைத்து இறுக்கிக் கட்டிக் காட்டினார். ஓவியர் பென்சிலை வைத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேறு தாளில் முதலிலிருந்து வரைந்தார். கயிற்றின் ஒவ்வொரு சுற்றும் அதில் இருந்தது. ஊருக்குப் போகும்போது அதை அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

அப்படிப் பார்க்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை. காலையில் மீன் ஏலம் போடும் பெண்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாமே. சங்கரா என்ன விலை என்றாவது கேட்கலாம்.

ஊர் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. குப்பத்துப் பையன்கள் அலைச்சறுக்கில் தேசியப் போட்டி வரை போகிறார்கள், அதில் அவ்வளவு பெருமை எனக்கு. மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் கடற்கரையில் கூடாரம் போட்டு, அங்கேயே கல்யாணம் நடத்துவது இன்னும் நடக்கிறது. மணல் குறைவதுதான் வயிற்றைப் பிசைகிறது. படகை ஏற்றி நிறுத்த, வலையை விரித்துச் சிக்கெடுக்க, மீன் காயப்போட எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான். ஒரு பக்கம் கடல் அரிக்கிறது, மறுபக்கம் கட்டடங்கள் நெருக்குகின்றன. படகு நிற்க இடமில்லாவிட்டால் வரைகிறவர்கள் எதைப் பார்க்க வருவார்கள்?

அப்பாவின் கட்டுமரம் 2004 சுனாமியோடு போனது. பரணில் இருந்ததால் படம் தப்பியது. இப்போது அம்மாவின் அறையில் மாட்டியிருக்கிறோம். அதில் அப்பா குனிந்து கயிறு இழுக்கிறார், அவருக்குப் பின்னால் அலை தொடங்கும் வரை நாற்பது அடியாவது மணல். போன மாதம் அதே இடத்தில் போய் நின்றேன். முழங்கால் வரை தண்ணீர்.