சுண்ணாம்பு காய்ந்தது, ஃபைல் நகரவில்லை

போன மாதம் ப்ரொவிஷனல் சான்றிதழ் (தற்காலிகப் பட்டச் சான்று) கைக்கு வந்துவிட்டது. 2018 ஜூலையில் பகுதி நேரமாகப் பதிந்த பி.எச்.டி. இது. கோட்டையூரிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மொத்தம் எத்தனை தடவை போய் வந்தேன் என்று டிக்கெட்டுகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியிலேயே வயிறு எரிந்து நிறுத்திவிட்டேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள், இன்னும் ஒரு வேலையும் பாக்கி இருக்கிறது.

நுழைவுத் தேர்வு, நேர்காணல், கோர்ஸ் வொர்க் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. சிக்கல் ஆரம்பித்தது என் இனிஷியலில்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீட்டில் இனிஷியல் என்பது விலாசம், அதாவது தாத்தா பெயரும் அப்பா பெயரும் சேர்ந்த குடும்ப அடையாளம். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பி.எல்.ஆர்.எம். என்று இருக்கும். பார்த்தால் நான்கு எழுத்து, உண்மையில் இரண்டே பெயர்: பி.எல். என்றால் பழனியப்பன், ஆர்.எம். என்றால் ராமநாதன். ஐயா (தாத்தா), அப்பச்சி (அப்பா). கல்லூரியில் சேர்ந்தபோது படிவத்தில் இனிஷியலுக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. அதனால் பி.இ., எம்.இ. சான்றிதழ்களில் வெறும் ஆர். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் விலாசம், வி.ஆர். அந்த வி.ஆர். வீரப்பன்.

செக்ஷன் கிளார்க் மூன்று காகிதத்தையும் மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல ஆர். இருக்கு, இதுலயும் ஆர். இருக்கு, அதுலயும் ஆர். இருக்கு. எந்த ஆர்., மேடம்?"

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப இந்த வி.ஆர்.ல இருக்குற ஆர். உங்க அப்பா இல்லையா?" என்றார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் நின்ற பையன் சிரித்துவிட்டான்.

கடைசியில் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார். அப்போது 20 ரூபாய் முத்திரைத்தாள் போதும். காரைக்குடி கோர்ட் பக்கம் டைப் அடித்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, அடுத்த வாரம் மறுபடி போனேன். அன்றைக்கு அவர் லீவு. பக்கத்து மேஜைக்காரர் அதை வாங்க மாட்டேன் என்றார், "அவர் டேபிள்" என்றார். அவ்வளவுதான், மறுபடி இரண்டு பஸ்.

மூன்றாவது தடவை கொடுத்தபோது ஒன்று மட்டும் புத்தியாகச் செய்தேன். நகலில் சீல் வைத்து, இன்வர்ட் நம்பர் (வந்த கடிதங்களின் பதிவேட்டு எண்) எழுதித் தரச் சொல்லி நின்றேன். "எதுக்கு மேடம், நாங்க என்ன தொலைச்சுடுவோமா?" என்றார். சிரித்துக்கொண்டே நின்றேன். எழுதிக் கொடுத்தார். அந்த நகல் எந்த நாளில் கைகொடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பகுதி நேரமாகச் சேர்கிறவர்களுக்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி. வேண்டும். எங்கள் கல்லூரி 'ஆட்சேபணை இல்லை' என்று இரண்டு வரி தந்தது, அதைத் திருப்பிவிட்டார்கள். இப்போது சேர்கிறவர்களுக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையிலேயே தெளிவாக இருக்கிறது: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்கு விடுவிப்போம் என்ற மூன்றும் கடிதத்தில் வர வேண்டும். உங்கள் முதல்வரை அவர் நடையில் எழுத விடாதீர்கள். நீங்களே அடித்துக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்குங்கள்.

இனி ஆராய்ச்சி. என் தலைப்பு செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு வெப்பத்தை எப்படிக் கடத்துகிறது என்பது. சித்திரை வெயிலில் வெளியே நிற்க முடியாது, உள்ளே வளவில் (முற்றத்தைச் சுற்றிய இடம்) சுவரில் சாய்ந்தால் குளுமை. பாதி இயற்பியல், பாதி கட்டடப் பொறியியல். இரண்டு துறைக்காரர்களும் "இது உங்க ஏரியா இல்லையே" என்றார்கள், அது தனிக் கதை.

பழைய மாதிரி கிடைப்பதில் கஷ்டமே இல்லை. இடிக்கிற வீட்டுக்குப் போய்க் கேட்டால் கூடையில் அள்ளித் தருகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய மாதிரி செய்வதுதான் பெரும்பாடு. வயதான கொத்தனார் ஒருவரைப் பிடித்து, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று அவர் சொன்னபடி அரைத்து வார்த்தேன். காய்ந்துவிட்டது என்று கையால் தொட்டுச் சொல்லலாம். ஆனால் அது காய்ந்த சுண்ணாம்பு இல்லை, ஈரம் போன சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக மாற வேண்டும், வெளியிலிருந்து உள்ளே, மெதுவாக. மாறியதா என்று பார்க்க மாதிரியை உடைத்து ஃபீனால்ஃப்தலீன் தெளிப்போம். மாறிய இடம் நிறமில்லாமல் இருக்கும், மாறாத இடம் பளீரென்று ரோஸ் ஆகும்.

முதல் மாதிரியை வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) வைத்து உடைத்தேன். ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு வெள்ளை, நடுவெல்லாம் ரோஸ். மூன்று மாதம் காத்திருந்ததற்கு அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னடி, ஆலத்தி கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறதே, அதுவும் காரத்தைக் காட்டிக்கொடுக்கும் வேலைதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்த உதாரணத்தைச் சொன்னேன். வெளித் தேர்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது எல்லோரும் ஆராய்ச்சி நின்றுபோனது என்று அழுதார்கள். எனக்கு அதுதான் பொற்காலம். மாதிரிகள் பட்டாலையில் வரிசையாக உட்கார்ந்து நிதானமாகக் கார்பனேட் ஆயின. நான் காலையும் மாலையும் ஈரப்பத மானியைப் பார்த்து நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாகிவிட்டது.

மாதிரியில் என்ன படிகங்கள் இருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் எக்ஸ்.ஆர்.டி. சோதனைக்கு எங்கேயும் அலைய வேண்டாம் என்பது எங்கள் ஊரின் கொடுப்பினை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், எங்களுக்கு சிக்ரி, பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வரைபடத்தில் மாறாத சுண்ணாம்பு 18 டிகிரி கோணத்துக்குப் பக்கத்திலும், கால்சைட் (கால்சியம் கார்பனேட்) 29.4 டிகிரியிலும் உச்சம் காட்டும். 18இல் இருந்த கம்பம் மாதத்துக்கு மாதம் குட்டையாகிக்கொண்டே வருவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

வெப்பக் கடத்தல் அளக்கும் கருவிக்குத்தான் வெளியூர் போக வேண்டியிருந்தது. சென்சாரை நடுவில் வைத்து, மேலும் கீழும் ஒரே மாதிரியான இரண்டு துண்டு வைக்க வேண்டும். 12 துண்டு, ஆறு ஜோடி, துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துப் போனேன். திறந்து பார்த்தால் ஜோடிக்கு ஒன்று வீதம் நான்கு ஜோடியில் உடைந்திருந்தது. மெஷினுக்கு ஆறு வாரம் முன்பே நேரம் வாங்கியிருந்தேன். அழுகை வந்துவிட்டது.

தீர்வு சொன்னவர் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர். பெல்ஜியம் கண்ணாடியே வைக்கோலில் போகும்போது உங்கள் சுண்ணாம்புக் காரை போகாதா என்றார். அடுத்த தடவை துண்டுகளைத் தனித்தனியாகப் பாலித்தீனில் சீல் வைத்து, பிறகு வைக்கோல் அடைத்து, மரப்பெட்டியில் கொண்டுபோனேன். பாலித்தீன் கட்டாயம். நுண்துளைகளில் காற்று இருந்தால் அதன் வெப்பக் கடத்துதிறன் 0.026தான், தண்ணீர் புகுந்தால் 0.6. வைக்கோல் ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துவிட்டால் நீங்கள் அளப்பது சுவரை அல்ல, வைக்கோலை. ஒன்றும் உடையவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா மட்டும் "பொட்டியில என்ன, சாமி சிலையா?" என்று இறங்கும் வரை விடவில்லை.

ஜர்னல் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் 2016 விதிமுறையில் சேர்ந்தவள், ஒரு ஜர்னல் கட்டுரை, இரண்டு கருத்தரங்கு கட்டாயம். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், கேட்டுவிடுங்கள். 'பத்து நாளில் வெளியீடு' என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிஜமான ஜர்னலின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என். எண், அட்டை எல்லாம் அப்படியே. இணையதள முகவரி மட்டும் வேறு. பணம் கட்டக் கடைசி பட்டனை அழுத்தும் முன் என் கைடு போன் செய்ததால் தப்பித்தேன். என்னோடு சேர்ந்த ஒருவர் கட்டிவிட்டார்.

அந்தக் கைடு 2022இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு அவர் இணை வழிகாட்டியாக இருக்கலாம், பிரதான வழிகாட்டி புதிதாக வேண்டும். ஐந்து கையெழுத்து, நான்கு ஊர். யாராவது ஓய்வை நெருங்கும் கைடிடம் சேர்வதாக இருந்தால் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டுச் சேருங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஆறு வருடம் முடியப்போகிறது என்று செக்ஷனிலிருந்து பயமுறுத்திக் கடிதம் வந்தது. 2016 விதிமுறைப்படி பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் உண்டு. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, வரியில் கோடு போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார், "ஓ, இருக்குதா" என்றார். அவ்வளவுதான்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் முதலில் 23 சதவீதம் வந்தது. 10க்கு மேல் போனால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால், மேற்கோள் பட்டியல் முழுவதையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். அதை விலக்கும் பெட்டியில் டிக் போடவில்லை. என் சொந்தக் கட்டுரையோடும் ஒப்பிட்டிருந்தது. அதற்குக் கைடு சான்றிதழ் கொடுத்தார். மறுபடி ஓட்டினால் 7. சதவீதத்தை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள், முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்தது 2024 ஜூனில். வெளித் தேர்வாளர்கள் இருவர். ஒருவர் அறிக்கை இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. செப்டம்பரில் கேட்டால் "ஃபைல் மேல போயிருக்கு". அக்டோபரில் கேட்டாலும் மேலே. நவம்பரில் நேரிலேயே போய், "மேலன்னா எந்த மாடி சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்று முழுக்க கிளார்க் என்னை உட்காரவைத்துவிட்டார்.

சாயங்காலம் தண்ணீர் பாட்டில் எடுக்க வந்த அலுவலக உதவியாளர் அக்காதான் காதோடு சொன்னார்: "அனுப்புன மெயில் திரும்பி வந்துருச்சாம்மா. யாரும் பாக்கல." தேர்வாளர் வேறு நிறுவனத்துக்கு மாறியிருக்கிறார், பட்டியலில் இருந்தது பழைய முகவரி. யார் அவர் என்று எனக்குத் தெரியக் கூடாது, நானும் கேட்கவில்லை. கைடு பேசிப் புது முகவரி கொடுத்தார், ஐந்தாவது வாரம் அறிக்கை வந்தது. ஐந்து மாதம் அந்த மெயில் யாருடைய இன்பாக்ஸிலோ திரும்பி வந்து கிடந்திருக்கிறது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

வைவா நன்றாகப் போனது.

ப்ரொவிஷனல் வாங்கப் போன அன்று கவுன்டரிலேயே நின்று எழுத்து எழுத்தாகப் படித்தேன். தலைப்பு சரி, தேதி சரி, பெயர் வி.ஆர். என்று அடித்திருந்தது. ஆதாரைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். "திருத்தணும்னா புதுசா விண்ணப்பம், கட்டணம், ஒரு மாசம் ஆகும்" என்றார் புதிதாக வந்திருந்த கிளார்க். பையிலிருந்து 2018ஆம் வருடத்து நகலை எடுத்து வைத்தேன். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது, ஆனால் சீலும் இன்வர்ட் நம்பரும் தெளிவாக இருந்தன. அவர் எழுந்துபோய்ப் பழைய பதிவேட்டைத் தேடினார். நாலு மணிக்கு ஆர். என்று அடித்த புதுக் காகிதம் கைக்கு வந்தது. அக்காவுக்கென்று கொண்டுபோன சீப்புச்சீடைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

இப்போது எங்கள் கல்லூரியில் பணிப்பதிவேட்டில் ஏற்ற, பட்டம் உண்மைதான் என்று பல்கலைக்கழகத்திலிருந்து தனியாக ஜெனியூன்னஸ் சான்று கேட்கிறார்கள். அதே செக்ஷன்தான். வியாழக்கிழமை போகிறேன். கிளார்க் லீவு இல்லை என்று அக்காவிடம் போனில் கேட்டுவிட்டேன்.