விண்ணப்பத்தில் குற்றப் பின்னணிக் கேள்வி: என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து பிரிட்டனில் சமூகப்பணி முதுகலைக்கு விண்ணப்பித்தபோது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது குற்றப் பின்னணி பற்றிய கேள்விதான். பலர் அதை முழுதாகப் படிக்காமலே ‘இல்லை’ என்று குறித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி எல்லாப் படிப்புக்கும் ஒன்றல்ல. பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ், விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் தண்டனை விவரம் கேட்பதை 2019 சேர்க்கையிலிருந்து கைவிட்டது. ஆனால் மருத்துவம், ஆசிரியர் பயிற்சி, சமூகப்பணி போன்று குழந்தைகளோடு பழகவேண்டிய படிப்புகளுக்குக் கேள்வியும் உண்டு, அரசுச் சரிபார்ப்பும் உண்டு. அது சரியென்றே நான் கருதுகிறேன். அமெரிக்காவில், பாலியல் குற்றவாளிப் பதிவேட்டில் உள்ளவர் தாம் படிக்கும் அல்லது பணிபுரியும் கல்வி நிறுவனத்தை அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. இந்தியாவிலும் 2018இல் அத்தகைய தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது, எனினும் அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகளே பார்க்கமுடியும். ஆகவே வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நம்மிடம் கேட்பது காவல்துறைச் சான்றிதழைத்தான்.

அதற்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி, கோவை மையத்தில் ஆவணங்களைக் காட்டினேன். பிறகு உள்ளூர்க் காவல்நிலையத்திலிருந்து அழைத்தார்கள். ஆதாரைப் புரட்டிக்கொண்டே ஏட்டையா, “ஏனுங் தம்பி, கேஸு கீஸு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். நிலுவையிலுள்ள வழக்கும் அங்கே தெரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெருந்துறையைச் சேர்ந்த, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் மீது சாலை விபத்து வழக்கு நிலுவையில் இருந்தது. காந்திபுரத்து ஏஜென்ட் ஒருவர், “இல்லைன்னே போடுங்க, யார் பாக்கப்போறாங்க” என்று சொல்லியிருந்தார். படிவமோ தண்டனையோடு நிலுவை வழக்கையும் தெளிவாகக் கேட்டிருந்தது. நான் வற்புறுத்தியதால் அவர் ‘ஆம்’ என்று குறித்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் வக்கீலின் கடிதத்தையும் இணைத்தார். பல்கலைக்கழகம் கூடுதல் விளக்கம் கேட்டது, பின்னர் இடமும் தந்தது. மறைத்திருந்தால், வழக்கைவிட அந்தப் பொய்யே அவர் இடத்தைப் பறித்திருக்கும்.

தண்டனையை மட்டும் கேட்டிருந்தால், விடுதலையான வழக்கைத் தண்டனையாகக் குறிக்கவேண்டியதில்லை. தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கைவசம் வைத்திருந்தால் போதும். நீதிமன்றத்தில் அந்த நகல் கிடைக்க நாளாகும் என்பதால், கடைசித் தேதிக்கு வெகுமுன்பே மனுப் போட்டுவிடுங்கள்.